நாள்காட்டி, பணிப்பட்டியல், குறிப்பேடு: இணையக் கருவிகளை முயன்று பார்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கணினியும் கைப்பேசியும் பழக வருவோருக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஓய்வுபெற்றோர், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். அன்றாட வேலைகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள உதவும் இணையக் கருவிகளைப் பற்றிப் பேச்சு எழும்போது, யார் கேட்டாலும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை வைத்து, நான் சொல்லிவரும் விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

1. நாள்காட்டி ஆப், டாஸ்க் ஆப், நோட்ஸ் ஆப் என்கிறீர்களே, எல்லாம் ஒன்றுதானே? எதில் எதை எழுதுவது?

மூன்றும் வேறு வேறு வேலைக்கானவை. குறித்த நாளும் நேரமும் உள்ளவை நாள்காட்டிக்கு உரியவை: பல் மருத்துவரைப் பார்ப்பது, ரயில் பயணம், வாகனக் காப்பீடு முடியும் நாள் போன்றவை. செய்ய வேண்டும், ஆனால் இன்ன நேரத்தில்தான் என்ற கட்டாயம் இல்லை என்றால் அது பணிப்பட்டியலுக்குப் போக வேண்டும். குழாய்க்காரருக்குப் பேசுவதும், வங்கிக் கணக்கில் முகவரி மாற்றுவதும் இவ்வகை. செய்வதற்கு ஒன்றும் இல்லை, பின்னால் தேவைப்படும்போது எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் குறிப்பு. வீட்டுக்கு அடித்த பெயின்டின் நிற எண்ணும், அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களும் குறிப்பேட்டில் இருக்க வேண்டியவை.

நான்காவதாகப் பலகை வகை ஒன்றும் உண்டு. செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று பத்திகள் பிரித்து, ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக நகர்த்தும் முறை அது. டொயோட்டா தொழிற்சாலைகளில் பிறந்த கான்பான் அட்டை முறையே இதற்கு மூலம். 2011இல் வந்த ட்ரெல்லோ அதை வீடுவரை கொண்டுவந்தது. வீடு கட்டுவது, திருமண ஏற்பாடு போலப் பலர் சேர்ந்து பல மாதங்கள் செய்யும் வேலைக்கு இது பொருந்தும். அன்றாட வேலைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

2. டைரியும் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரும் போதாதா?

அவற்றை வைத்தே உங்களுக்கு எதுவும் தவறாமல் நடக்கிறதென்றால் போதும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழக்கத்தைக் கலைத்துவிட்டு வேறொன்றைப் புகுத்தும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. காகிதத்தால் செய்ய முடியாதவை நான்குதான்: உரிய நேரத்தில் ஒலி எழுப்புவது, ஒருமுறை எழுதியதைத் தானாகத் திரும்பத் திரும்ப வைப்பது, பழையதைத் தேடித் தருவது, வேறோர் ஊரில் இருப்பவருக்கும் அதே பக்கத்தைக் காட்டுவது. இவற்றில் எதுவாவது உங்களுக்கு வேண்டியிருந்தால் மட்டும் இணையக் கருவியின் பக்கம் வாருங்கள்.

யோசிப்பதற்கு இன்னமும் காகிதத்தைத்தான் பயன்படுத்துகிறேன். யோசித்து முடிவு செய்தபின், அதிலிருந்து கிளைக்கும் நாள்களும் வேலைகளும் மட்டுமே கைப்பேசிக்குப் போகின்றன.

3. பத்துப் பேர் பத்து ஆப் சொல்கிறார்கள். நான் எதில் தொடங்குவது?

ஆப்பைத் தேடுவதற்கு முன், கடந்த இரண்டு மாதங்களில் கைநழுவிப் போனவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கட்டத் தவறி அபராதம் விழுந்த மின்கட்டணம், மறந்துபோன ஒரு நண்பரின் வீட்டுப் புதுமனை புகுவிழா, எங்கே வைத்தோம் என்று தெரியாத வாஷிங் மெஷின் ரசீது என்று எது நினைவுக்கு வந்தாலும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றும் முதல் கேள்வியில் சொன்ன எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரியுங்கள். முதன்முதலில் நான் இப்படி எழுதியபோது வந்த 11 தவறுகளில் 8 தவறுகள் நாள் சம்பந்தப்பட்டவை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு நாள்காட்டி மட்டும்தான். நானோ அதுவரை குறிப்பு எழுதும் செயலிகளாகப் பார்த்து இறக்கிக்கொண்டிருந்தேன்.

வகை தெரிந்தபின், உங்கள் கைப்பேசியில் ஏற்கெனவே இருப்பதையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் காலண்டர், கூகுள் டாஸ்க்ஸ், கூகுள் கீப். ஐபோன் என்றால் அதனுடன் வரும் காலண்டர், ரிமைண்டர்ஸ், நோட்ஸ். இவை எல்லாத் தேவைக்கும் போதுமானவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றில் எது போதவில்லை என்று தெரிந்தவருக்குத்தான் டூடூயிஸ்ட் என்னும் பணிப்பட்டியல், நோஷன், அப்சிடியன் என்னும் குறிப்பேடுகள் போன்றவற்றில் எது தனக்கு ஏற்றது என்று தேர்ந்தெடுக்கத் தெரியும்.

4. எத்தனை நாள் பயன்படுத்திப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம்?

குறைந்தது ஒரு முழு மாதம். முதல் வாரத்தில் எந்தக் கருவியும் அருமையாகத்தான் தோன்றும், ஏனென்றால் அப்போது நாம் பார்ப்பது அதன் நிறங்களையும் புதுமையையும்தான். வாடகை, பள்ளிக் கட்டணம், தவணை என்று மாதச் சுற்று ஒன்று முழுதாகக் கடந்தால்தான் அது உண்மையில் உதவியதா என்று தெரியும். அந்த மாதத்தில் ஒரே ஒரு கருவியை மட்டும் முயலுங்கள். இரண்டை ஒன்றாக முயன்றால் பாதி வேலை ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் கிடக்க, இரண்டையும் நம்ப முடியாமல் போகும்.

மாதிரிக்காக எதையாவது எழுதிப் பார்ப்பதில் பயனில்லை. உண்மையான வேலைகளையே அதில் இடுங்கள். வாரம் ஒருமுறை இருபது நிமிடம் உட்கார்ந்து, இந்த வாரம் எதை இதில் எழுதாமல் விட்டோம், எதை எழுதியும் பார்க்காமல் விட்டோம் என்று இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். எழுதாமல் விட்டது அதிகம் என்றால் அந்தக் கருவியில் எழுதுவது சிரமமாக இருக்கிறது என்று பொருள். நாலு இடத்தில் தட்டினால்தான் ஒரு வரி எழுத முடியும் என்கிற செயலியைக் கைவிடலாம். எழுதியும் பார்க்காமல் விட்டது அதிகம் என்றால், கருவியை மாற்றினாலும் அது தீராது. ஒன்பதாம் கேள்வியைப் பாருங்கள்.

5. இலவசமாகக் கிடைப்பதே போதுமா, பணம் கட்ட வேண்டுமா?

தனி ஒருவரின் தேவைக்குப் பெரும்பாலும் இலவசக் கணக்கே போதும். ஆனால் இலவசத்தின் அளவு என்றும் ஒன்றுபோல் இருக்கும் என்று எண்ண வேண்டாம். எவர்நோட் நிறுவனம் 2023 டிசம்பரில் தன் இலவசக் கணக்குகளுக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்டுப்புத்தகம் என்று எல்லை வைத்தது. அதுவரை ஆயிரக்கணக்கில் எழுதி வைத்திருந்தவர்களால் புதிதாக எழுத முடியவில்லை. கூகுள் தரும் 15 ஜிபி இடமும் மின்னஞ்சல், புகைப்படம், கோப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

"முதல் மாதம் இலவசம், கார்டு எண்ணைத் தாருங்கள்" என்று கேட்கும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. நான் ஒருமுறை இப்படிச் சேர்ந்து, மறந்து, ஓராண்டுச் சந்தாவை முழுதாகக் கட்டியிருக்கிறேன். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகக் கழியும் சந்தாவைப் பற்றிக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். ஆனால் 2022 ஜூன் முதல் 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கப்படாது. அந்தக் குறுஞ்செய்தி விளம்பரங்களுக்கு நடுவே புதைந்துபோனால் பணமும் போய்விடும். ஆகவே சேரும் அன்றே, இலவசக் காலம் முடிவதற்கு மூன்று நாள் முன்னதாக ஒரு நினைவூட்டலை நாள்காட்டியில் வைத்துவிடுங்கள்.

6. நாளைக்கு அந்தக் கம்பெனியையே மூடிவிட்டால் என் குறிப்புகள் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்பவர்கள் மிகக் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டும் என்று நான் விரும்பும் கேள்வியும் இதுதான். பெரிய நிறுவனங்களின் கருவிகளும் மூடப்படுகின்றன. பல இணையதளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றது. பெர்லினில் உருவாகிப் பலரும் விரும்பிப் பயன்படுத்திய வண்டர்லிஸ்ட் என்னும் பணிப்பட்டியலை 2015இல் மைக்ரோசாப்ட் வாங்கி, 2020 மே 6 அன்று மூடியது. பிறகு படிப்பதற்காகக் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் பாக்கெட் சேவையை மொசில்லா 2025 ஜூலையில் நிறுத்தியது. இவற்றுக்கெல்லாம் முன்னறிவிப்பு இருந்தது, எழுதியதை எடுத்துக்கொள்ள அவகாசமும் தரப்பட்டது. ஆனால் அந்த அறிவிப்பு வந்த மின்னஞ்சலைத் திறக்காதவர்களுக்கு அந்த அவகாசத்தால் என்ன பயன்?

எனவே எந்தக் கருவியில் சேர்ந்தாலும், முதல் வாரத்திலேயே பத்துக் குறிப்புகளை எழுதி, அவற்றை வெளியே எடுத்துப் பாருங்கள். அமைப்புகளில் "எக்ஸ்போர்ட்" என்ற பெயரில் அதற்கான வழி இருக்கும். கூகுளின் எல்லாச் சேவைகளுக்கும் சேர்த்து "கூகுள் டேக்அவுட்" என்று தனிப் பக்கமே இருக்கிறது. நாள்காட்டி ஐசிஎஸ் கோப்பாகவும், பட்டியல் சிஎஸ்வி கோப்பாகவும், குறிப்புகள் எளிய உரைக்கோப்பாகவோ, தலைப்பு போன்றவற்றைச் சிறு குறிகளால் காட்டும் உரைக்கோப்பான மார்க்டவுனாகவோ கிடைத்தால் வேறு எந்தக் கருவியிலும் அவற்றைத் திறக்க முடியும். பிடிஎஃப் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் படிக்கலாம், ஆனால் இன்னொரு கருவிக்குள் கொண்டுபோய்த் தொடர்ந்து எழுத முடியாது. எடுக்க வழியே இல்லாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் உங்கள் ஆண்டுகளைப் போடாதீர்கள். வழி இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்சிடியன் போன்றவை குறிப்புகளை உங்கள் கணினியிலேயே சாதாரண உரைக்கோப்புகளாக வைக்கின்றன. நீண்ட காலம் எழுதுபவர்களுக்கு, குறிப்பாக ஆய்வு மாணவர்களுக்கு, இந்த வகையைத்தான் பரிந்துரைக்கிறேன்.

7. ஆறு மாதத்தில் ஐந்து ஆப் மாற்றிவிட்டேன். எதுவும் ஒத்துவரவில்லை. அடுத்து எது?

அடுத்தது வேண்டாம். புதிய கருவியில் கணக்குத் தொடங்கி, தலைப்புகளுக்கு நிறம் கொடுத்து, பழையதை எல்லாம் அதற்கு மாற்றும் இரண்டு நாளும் வேலை செய்ததுபோல்தான் இருக்கும். ஆனால் பட்டியலில் உள்ள ஒரு வேலைகூட அந்த இரண்டு நாளில் நடந்திருக்காது. நான்காம் கேள்வியில் சொன்ன இரண்டு சோதனைகளையும் நீங்கள் விட்டுவந்த ஐந்து கருவிகளுக்கும் செய்து பாருங்கள். ஐந்திலும் ஒரே இடத்தில்தான் தடுக்கியிருந்தால், குறை கருவியில் இல்லை.

மாறியே ஆக வேண்டும் என்றால் பழையதை முழுதாகச் சுமந்து செல்லாதீர்கள். இந்த மாதத்துக்குத் தேவையானவற்றை மட்டும் கையால் புதியதில் எழுதுங்கள். மற்றவற்றை வெளியே எடுத்து ஒரு கோப்பாக வைத்துவிடுங்கள்.

8. பட்டியலில் நூற்று முப்பது வேலை சேர்ந்துவிட்டது. திறக்கவே பயமாக இருக்கிறது.

பயப்படும் அளவுக்குப் பட்டியல் நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் எழுதும் முறைதான். "தங்கை கல்லூரி" என்று எழுதியிருந்தால் அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். களைத்துப்போய் அடுத்த வரிக்குப் போய்விடும். "மாற்றுச் சான்றிதழ் வாங்க என்னென்ன தர வேண்டும் என்று கல்லூரி அலுவலகத்தில் போனில் கேட்பது" என்று எழுதினால் பத்து நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு வரியும் கையோ வாயோ செய்யக்கூடிய ஒரு செயலாக முடியட்டும்.

அடுத்து, பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். இந்த மாதத்துக்குள் செய்யாவிட்டால் யாருக்காவது இழப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது "பிறகு" என்ற தனிப் பட்டியலுக்குப் போகட்டும். நூலகத்துக்கு வரும் ஒரு தலைமையாசிரியை இப்படிப் பிரித்தபோது 94 வேலைகளில் 17 மட்டுமே மிஞ்சின. மீதி எல்லாம் கிடார் கற்பது, மாடித் தோட்டம், பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்வது போன்ற ஆசைகள். ஆசைகளை அழிக்க வேண்டியதில்லை. அவை கேஸ் புக்கிங்குக்குப் பக்கத்தில் நின்று தினமும் நம்மைக் குற்றம் சொல்லாமல் இருந்தால் போதும். காலையில் அந்தக் குறுகிய பட்டியலிலிருந்து மூன்றை மட்டும் அன்றைக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள்.

9. ரிமைண்டர் அடிக்கிறது, அணைத்துவிடுகிறேன், பிறகு மறந்துவிடுகிறேன். என்ன செய்வது?

நினைவூட்டல் வரும் நேரத்தில் அந்த வேலையைச் செய்யும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பாருங்கள். பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும் எட்டரை மணிக்கு "காப்பீட்டுப் பாரத்தை நிரப்பு" என்று அடித்தால் அணைக்கத்தான் தோன்றும். அதையே இரவு உணவுக்குப் பின் ஒன்பது மணிக்கு வையுங்கள். மேலும், நேரம் தவறினால் கெட்டுப்போகும் வேலைகளுக்கு மட்டும் ஒலி இருக்கட்டும். மற்றவை காலையில் பட்டியலைத் திறக்கும்போது கண்ணில் பட்டால் போதும். எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் காது பழகிப்போய் எதையும் கேட்காது.

அடிக்கவே இல்லை என்பவர்களுக்கு ஒரு சொல்: சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணியில் இயங்கும் செயலிகளை நிறுத்திவிடும். அமைப்புகளில் பேட்டரிப் பகுதிக்குச் சென்று அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள்.

10. தமிழில் எழுதினால் சரியாக வேலை செய்யுமா? நான் எழுதியதைத் தேடினால் கிடைப்பதில்லை.

எழுதுவதில் இப்போது தடை இல்லை. தட்டச்சு சிரமம் என்றால் பேசியே எழுதலாம். கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017 முதல் தமிழ் உண்டு. தேடுவதில்தான் சிக்கல், அதற்குக் காரணம் நம் மொழியின் இயல்பு. "மின்கட்டணத்தைக் கட்டினேன்" என்று எழுதிவிட்டு "மின்கட்டணம்" என்று தேடினால் பல கருவிகளுக்கு அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். "மின்கட்டண" என்று வேற்றுமை உருபு சேரும் இடத்துக்கு முன்பே நிறுத்தித் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். அதைவிட நல்ல வழி, ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் "வீடு", "வங்கி", "மருத்துவம்" என்று உருபு சேராத ஒரு சொல்லை மாறாமல் எழுதிவைப்பது. "வீடு" என்பது "வீட்டில்", "வீட்டுக்கு" என்று நடுவிலேயே உருமாறும் சொல்லாதலால் இந்தப் பழக்கம் மிகவும் கைகொடுக்கும்.

பழைய கணினியிலிருந்து ஒட்டியவை புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், அவை வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அவற்றை முதலில், இன்றைய கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும். அரிதாக இன்னொன்றும் நடக்கும்: "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியைச் சில மென்பொருள்கள் ஒரே குறியீடாகவும், சில முன்னும் பின்னுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதிகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடும் இயந்திரத்துக்கு வேறாகப் படலாம். கண்முன் இருக்கும் சொல்லே தேடலில் கிடைக்கவில்லை என்றால் இதையும் சந்தேகியுங்கள்.

11. அப்பாவின் திதியை ஆண்டுதோறும் தானாக நினைவூட்டும்படி வைக்க முடியுமா? ஆங்கிலத் தேதியை வைத்தால் தவறாக வருகிறது.

"ஆண்டுக்கு ஒருமுறை" என்று அமைத்தால் நாள்காட்டி ஆங்கிலத் தேதியைத்தான் திருப்பித் தரும். திதி சந்திரனைக் கொண்டது, மாதமோ சூரியனைக் கொண்டது. ஐப்பசி தேய்பிறைச் சப்தமி என்றால், அது அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை எந்த நாளிலும் ஆண்டுக்கு ஆண்டு மாறி விழும். நட்சத்திரப் பிறந்தநாளும் அப்படித்தான். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுமார் 27 நாளில் சுற்றிவிடுவதால், 31 நாள் உள்ள மாதத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறை வருவதும் உண்டு.

நான் கடைப்பிடிக்கும் வழி இது. ஏப்ரல் 14 அன்று ஆண்டுதோறும் வரும்படி "பஞ்சாங்கம் பார்த்துத் தேதிகளைப் பதிக" என்று ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன். சித்திரை முதல் நாள் புதுப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு அம்மாவுடன் உட்கார்ந்து, அந்த ஆண்டுக்குரிய திதிகளையும் நட்சத்திர நாள்களையும் ஒவ்வொன்றாக நாள்காட்டியில் ஏற்றிவிடுவேன். அரை மணி நேர வேலை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி நேரம் வேறுபடும் என்பதால், எந்தப் பஞ்சாங்கம், இரண்டு முறை வந்தால் எதைக் கொள்வது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பு உங்களுக்குப் பின் வருபவர்களுக்கும் வேண்டும்.

12. மகன் லண்டனில் இருக்கிறான். குடும்பத்துக்கு ஒரே நாள்காட்டி வைத்தால் நேரம் குழம்பாதா?

குழம்பாது, ஒன்றைக் கவனித்தால். நாள்காட்டியில் பதியும் ஒவ்வொரு நிகழ்வும் ஒரு நேர மண்டலத்தைச் சேர்ந்தது. நீங்கள் இந்திய நேரப்படி ஞாயிறு இரவு 8 மணிக்குப் பேசுவதாகப் பதிந்தால், மகனுக்கு அது கோடையில் பிற்பகல் 3.30 எனவும் குளிர்காலத்தில் 2.30 எனவும் தெரியும், ஏனெனில் பிரிட்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அவருடைய வேலை நேரத்துக்கு ஏற்றபடி நடக்க வேண்டிய நிகழ்வு என்றால் லண்டன் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள். அப்போது மாற்றம் உங்கள் பக்கம் வரும்.

குடும்பத்துக்கென்று தனி நாள்காட்டி ஒன்றைத் தொடங்கி அதை மட்டும் பகிருங்கள். யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று தனித்தனியே அனுமதி கொடுக்க முடியும்.

13. ஏடிஎம் பின், ஆதார் எண், பாஸ்வேர்டுகளைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். சாதாரணக் குறிப்புச் செயலிகள் பலவற்றில் நீங்கள் எழுதுவது நிறுவனத்தின் கணினியில் அவர்களால் படிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். திறந்து கிடக்கும் உங்கள் கைப்பேசியை எடுப்பவர் கண்ணிலும் படும். கடவுச்சொற்களுக்கு பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகங்கள் உண்டு. ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்கு அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது. பின் எண்ணை எங்கும் எழுத வேண்டாம். கருவிகளுக்குள் நுழையும் மின்னஞ்சல் கணக்குக்கு, கடவுச்சொல்லுக்குப் பின் இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். அந்த ஒரு கணக்கு போனால் மற்ற எல்லாமும் போய்விடும்.

14. எல்லாவற்றையும் நான்தான் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் யாருக்கு என்ன தெரியும்?

கணவரை இழந்த ஓர் அம்மையார், பூட்டிய கைப்பேசியுடன் ஒரு ஞாயிறன்று நூலகத்துக்கு வந்தார். காப்பீட்டுத் தவணை, வீட்டுக் கடன், வங்கி லாக்கர் எல்லாம் அவர் கணவரின் நாள்காட்டியில் மிக ஒழுங்காக இருந்திருக்கின்றன. அதைத் திறக்க எங்களால் முடியவில்லை. அதற்குப் பிறகு, யாரும் கேட்காவிட்டாலும் இந்த விடையைச் சொல்லிவிடுகிறேன்.

கூகுள் கணக்கில் "செயல்படாத கணக்கு மேலாளர்" என்ற அமைப்பு உண்டு. 3 மாதம் முதல் 18 மாதம் வரை நீங்கள் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவரை கணக்கில் எந்தச் செயலும் இல்லையென்றால், நீங்கள் குறித்த நபர்களுக்கு நீங்கள் அனுமதித்த தரவுகள் போய்ச் சேரும். ஆப்பிள் கணக்கில் இதேபோல் "மரபுத் தொடர்பு" என ஒருவரைச் சேர்க்கலாம். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆனால் தவணை அடுத்த மாதமே வந்துவிடும். மூன்று மாதம் காத்திருக்க முடியாது. ஆகவே ஒரு தாளை எடுத்து, எந்த வங்கிகளில் கணக்கு, எந்தக் காப்பீடு எந்த மாதம், கடன் எங்கே, குடும்ப நாள்காட்டி எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்பதை மட்டும் கையால் எழுதுங்கள். கடவுச்சொல் எதையும் அதில் எழுத வேண்டாம். தேதி போட்டு, பீரோவில் பத்திரங்களோடு வைத்து, வைத்த இடத்தை வீட்டில் இரண்டு பேரிடம் சொல்லுங்கள். பதினோராம் கேள்வியில் சொன்ன ஏப்ரல் 14 நினைவூட்டலிலேயே, அந்தத் தாளைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.